பிறையும் நிழலும்: மதரஸா ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்



குர்ஆனில் சூரியனும் சந்திரனும் விண்மீன்களும் வரும் வசனங்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். வானம் எப்படி உண்டானது, எப்படி நிலைத்திருக்கிறது என்று பேசுபவை ஒரு வகை. வானத்தைப் பார்த்து மனிதர் ஏதேனும் ஒரு காரியம் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பவை இன்னொரு வகை. பிறை பார்த்து மாதம் தொடங்குவது, விடியலின் வெளுப்பைக் கண்டு நோன்பு பிடிப்பது, சூரியன் சாய்ந்ததும் தொழுவது, எந்த ஊரில் இருந்தாலும் மக்காவை நோக்கி நிற்பது ஆகிய எல்லாம் இந்த வகையில் சேரும். இன்று பயான்களிலும் பாடங்களிலும் 'குர்ஆனும் வானியலும்' என்ற தலைப்பு வந்தால் பேச்சு பெரும்பாலும் முதல் வகையைச் சுற்றியே நடக்கிறது. வானியலின் வரலாற்றிலோ கணக்கும் கருவியும் பிறந்தது இரண்டாம் வகையிலிருந்து. மாணவருக்குச் சொல்லித்தர வேண்டிய செல்வம் அங்கேதான் குவிந்து கிடக்கிறது.

முதல் வகையில் அதிகம் எடுத்துக்காட்டப்படுபவை இரண்டு வசனங்கள். 51:47 வானத்தை ஆற்றலால் அமைத்ததைக் கூறி 'மூஸிஊன்' என்ற சொல்லில் முடிகிறது. 21:30 வானங்களும் பூமியும் ஒட்டியிருந்தன, பின்னர் பிரிக்கப்பட்டன என்கிறது. முன்னதை அண்டம் விரிவடைவதோடும் பின்னதைப் பெருவெடிப்போடும் இணைத்துப் பேசுவது கடந்த அரை நூற்றாண்டில் பரவிய வழக்கம். பிரெஞ்சு மருத்துவர் மொரிஸ் புகாய் 1976இல் வெளியிட்ட நூல் அதற்குப் பெரிய உந்துதலாக இருந்தது.

'மூஸிஊன்' என்ற சொல்லின் வேர் விசாலம், வசதி, வல்லமை ஆகிய மூன்றையும் தாங்கும். தபரீ (இறப்பு 923) அதை வல்லமை என்ற பொருளில் எடுத்தார். இப்னு கஸீர் (இறப்பு 1373) வானத்தின் பரப்பை விசாலமாக்கியது என்று விளக்கினார். விரிவாக்குவோர் என்ற பொருளுக்கும் இலக்கணத்தில் இடம் உண்டு. ஆனால் விண்மீன் மண்டலங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன என்பதை வானியலர்கள் லெமெத்ர் 1927இலும் ஹபிள் 1929இலும் நிறுவிய பிறகுதான் அந்தப் பொருளுக்கு இத்தனை கனம் ஏற்றப்பட்டது. 21:30இன் கதையும் இதைப் போன்றதே. வானம் மழையின்றியும் பூமி பயிரின்றியும் மூடிக்கிடந்தன, பின்னர் மழையாலும் விளைச்சலாலும் திறக்கப்பட்டன என்ற விளக்கம் பழைய தஃப்ஸீர்களில் இப்னு அப்பாஸின் பெயரால் வருகிறது. உயிருள்ள ஒவ்வொன்றும் நீரிலிருந்து ஆக்கப்பட்டது என்று அதே வசனம் உடனே தொடர்வதைப் பார்த்தால், அந்தப் பழைய விளக்கம் எவ்வளவு இயல்பாக அமர்கிறது என்பது புரியும்.

அறிவியல் கோட்பாட்டை வசனத்தின் மேல் ஏற்றிவைப்பதால் வரும் இடரை வரலாறு ஒருமுறை காட்டிவிட்டது. கிரேக்க வானியலர் தாலமியின் அமைப்பில் பூமி நடுவில் அசையாமல் நிற்கும். நிலா, புதன், வெள்ளி, சூரியன், செவ்வாய், வியாழன், சனி ஆகிய ஏழும் ஏழு கோளங்களில் அதைச் சுற்றிவரும். எட்டாவது கோளத்தில் விண்மீன்கள் பதிந்திருக்கும். எல்லாவற்றையும் சுழற்றும் ஒன்பதாவது கோளம் வெளியே இருக்கும். இடைக்காலத்தின் நவீன வானியல் அதுதான். ஏழு வானங்கள் என்பவை இந்த ஏழு கோளங்களே என்றும், குர்ஸீ எட்டாவது கோளம், அர்ஷ் ஒன்பதாவது கோளம் என்றும் அறிஞர் சிலர் எழுதினர். எண்ணிக்கை அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியது. பிறகு 1609இல் கலீலியோ தொலைநோக்கியை வானுக்குத் திருப்பினார். கெப்ளரின் விதிகள் வந்தன. 1687இல் நியூட்டனின் நூல் வந்தது. கோளங்கள் என்பவையே இல்லாமல் போயின. வசனம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதன் மேல் கட்டிய விளக்கம்தான் சரிந்தது. சூரியன் தன் தங்குமிடம் நோக்கி ஓடுவதைச் சொல்லும் 36:38ஐப் பால்வெளியில் சூரியன் சுமார் 23 கோடி ஆண்டுக்கு ஒருமுறை சுற்றிவருவதோடு பொருத்துவோரும் இந்தச் சரிவை நினைவில் வைப்பது நல்லது. கிரனாடாவைச் சேர்ந்த ஷாதிபீ (இறப்பு 1388), எல்லாக் கலைகளையும் குர்ஆனுக்குள் தேடி எடுப்பது வரம்பு மீறல் என்று அப்போதே எழுதிவைத்தார்.

இரண்டாம் வகைக்கு வாசல் 2:189. பிறைகளைப் பற்றி மக்கள் கேட்டபோது, அவை மனிதருக்கும் ஹஜ்ஜுக்கும் காலம் காட்டுபவை என்ற விடை அங்கே வருகிறது. பிறை ஏன் வளர்கிறது, ஏன் தேய்கிறது என்ற காரணம் சொல்லப்படவில்லை. அதனால் என்ன பயன் என்பது சொல்லப்படுகிறது. காரணத்தைத் தேடும் வேலை மனிதர் கையில் விடப்பட்டது. 36:39 நிலாவின் கடைசிப் படியைப் பழைய பேரீச்சங்குலைக் காம்புக்கு ஒப்பிடுகிறது. பழம் பறித்த பின் மரத்திலேயே தங்கிவிடும் காம்பு வெயிலில் காயக் காய மெலியும், மஞ்சளாக வெளுக்கும், வில்லாக வளையும். மாதக் கடைசியில் விடியலுக்கு முன் கிழக்கே எழும் தேய்பிறையை ஒருமுறை மாணவரைக் கூட்டிச்சென்று காட்டினால், அந்த மெலிவும் வளைவும் நிறமும் அப்படியே தெரியும். நாள்தோறும் நிலாவைப் பார்த்துப் பழகிய மக்களுக்குச் சொன்ன உவமை அது.

ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரை சராசரி 29.53 நாள். ஒவ்வொரு மாதமும் இதில் சில மணி நேரம் கூடும் அல்லது குறையும். அதனால் மாதம் 29 நாளாகவோ 30 நாளாகவோ முடிகிறது. இந்த இரண்டைத் தவிர வேறில்லை என்பதை நபிகள் நாயகம் (ஸல்) விரல்களை மூன்றுமுறை விரித்துக் காட்டி, ஒருதடவை மூன்றாம் முறையில் கட்டைவிரலை மடக்கிச் சொன்னதாக ஹதீஸ் உண்டு. பன்னிரண்டு மாதம் சேர்ந்தால் ஏறத்தாழ 354 நாள், அதாவது சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு. இஸ்லாத்துக்கு முந்தைய அரபுகள் மாதங்களைத் தள்ளிவைத்தும் இடைச்செருகியும் இதைச் சமாளித்தனர். 9:36 மாதங்கள் பன்னிரண்டு என்று உறுதிப்படுத்தியது. 9:37 மாதத்தைத் தள்ளிவைப்பதைக் கண்டித்தது. அதன் பிறகு ரமளான் பருவங்களோடு கட்டுப்படாமல் நகரத் தொடங்கியது. ஏறத்தாழ 33 ஆண்டில் அது கோடை, மழை, பனி எல்லாவற்றையும் சுற்றி வந்துவிடுகிறது. குகைவாசிகள் 300 ஆண்டு தங்கினர், மேலும் ஒன்பதைக் கூட்டினர் என்ற 18:25ஐ, 300 சூரிய ஆண்டுக்கு 309 சந்திர ஆண்டு என்று பழைய விரிவுரையாளர் சிலர் படித்தனர். கணக்குப் போட்டால் 309.2 வருகிறது.

ஷஃபான் 29ஆம் நாள் மாலை, சூரியன் மறைந்ததும் மொட்டைமாடியிலோ கடற்கரையிலோ கூடிநிற்கும் காட்சியில் முழு வானியல் பாடமே இருக்கிறது. பிறை தெரிந்தால், சூரியன் மறைந்த இடத்துக்குச் சற்று மேலே, நகத்தைக் கீறியது போன்ற ஒரு கோடாகத் தெரியும். சில நிமிடத்தில் தொடுவானப் புழுதிக்குள் இறங்கிவிடும். அமாவாசை கணத்துக்குப் பின் நிலா சூரியனைவிட்டு மணிக்கு அரைப் பாகை வீதம் கிழக்கே விலகுகிறது. ஏழு பாகையாவது விலகாமல் பிறை கண்ணுக்குத் தென்படாது என்பதைப் பிரெஞ்சு வானியலர் தாஞ்சோன் 1930களில் கண்டறிந்தார். அமாவாசை முடிந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் வெறுங்கண்ணால் பிறை பார்த்ததாக வரும் செய்தி ஏன் நிற்காது என்பதற்கு இதுவே காரணம்.

மக்காவில் சூரியன் மறைவது சென்னையைவிட ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் பிந்தி. அதற்குள் நிலா இன்னும் ஒன்றேகால் பாகைக்கு மேல் விலகியிருக்கும். சென்னையில் எட்டாத பிறை அங்கே எட்டிவிடலாம். குரைப் என்பவர் சிரியாவில் வெள்ளி இரவு பிறை பார்த்துவிட்டு மதீனா வந்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. மதீனாவில் சனி இரவுதான் பிறை தெரிந்தது. சிரியாவின் பிறை போதாதா என்று குரைப் கேட்க, இப்னு அப்பாஸ் போதாது என்றார். தத்தம் பகுதிப் பிறையா, உலகப் பிறையா, கணக்கீடா என்று தமிழ் ஊர்களில் ஆண்டுதோறும் எழும் வாதத்தின் வேர் இங்கேயே இருக்கிறது. எதை ஏற்பது என்பது மார்க்கச் சட்ட அறிஞரின் பொறுப்பு. இரண்டு ஊர் இரண்டு நாளில் பிறை காண்பதில் எவர் பொய்யும் இல்லை என்பது மட்டும் சிறுவர் வகுப்பிலேயே புரியவைக்க வேண்டிய சங்கதி. அதைப் புரிந்துகொண்ட பிள்ளை பிறைச் சண்டையில் பக்கத்து வீட்டாரை நோகப் பேசாது.

பிறை தெரியுமா தெரியாதா என்று முன்கூட்டிக் கணிக்கும் முயற்சி பக்தாதில் எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கியது. 770களில் இந்தியாவிலிருந்து சென்ற சமஸ்கிருத வானியல் நூல் ஒன்று கலீஃபா மன்ஸூரின் அவையில் மொழிபெயர்க்கப்பட்டு 'ஸிந்த்ஹிந்த்' என்று பெயர் பெற்றது. சூரியன் மறைந்து 48 நிமிடத்துக்குக் குறையாமல் கழித்து நிலா மறைந்தால் பிறை தென்படும் என்ற இந்திய விதி அதன் வழியே அரபு அட்டவணைகளில் நுழைந்தது. தமிழ்க் கணக்கில் அது சரியாக இரண்டு நாழிகை. வானியலர் குவாரிஸ்மி அந்த விதியைக் கொண்டு அட்டவணை போட்டார். அவருக்குப் பின் வந்தோர் இடத்தின் அகலாங்கு, நிலாவின் உயரம் எல்லாவற்றையும் சேர்த்து அதைச் செம்மையாக்கினர்.

நோன்பின் தொடக்கத்துக்கு 2:187 ஓர் அடையாளம் தருகிறது. கறுப்பு நூலிலிருந்து வெள்ளை நூல் பிரிந்து தெரியும்வரை உண்ணலாம் என்பது அதன் கருத்து. அதீ இப்னு ஹாதிம் என்ற தோழர் தலையணைக்கு அடியில் கறுப்புக் கயிறு ஒன்றும் வெள்ளைக் கயிறு ஒன்றும் வைத்து இரவெல்லாம் பார்த்திருந்தார். அது இரவின் கருமையும் பகலின் வெண்மையும் என்று நபிகள் விளக்கினார்கள். இதிலிருந்தே ஃபஜ்ரின் இரண்டு விடியல்கள் பற்றிய கவனம் வளர்ந்தது. முதலில் எழுவது பொய் விடியல், ஸுப்ஹு காதிப். கிழக்கே செங்குத்தாக, ஓநாய் வால் போல மேல்நோக்கி மங்கலாக எழும் ஒளி. சற்று நேரத்தில் அது கரைந்துவிடும். பின்னர் தொடுவானம் நெடுகக் கிடையாகப் பரவும் வெளுப்பே மெய் விடியல், ஸுப்ஹு ஸாதிக். பொய் விடியல் என்னவென்பது இன்று தெரியும். கோள்கள் சுற்றும் தளத்தில் மிதக்கும் நுண்ணிய தூசு சூரிய ஒளியைச் சிதறடிக்கிறது. அதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. மெய் விடியல் வேறு. அது பூமியின் காற்றுமண்டலம் சிதறடிக்கும் ஒளி. விண்வெளித் தூசையும் காற்றையும் வெறுங்கண்ணால் பிரித்தறியும் பழக்கத்தைத் தொழுகை நேரம் ஒரு சமுதாயத்துக்கே கற்றுக்கொடுத்தது. விளக்கொளி மிகுந்த ஊர்களில் பொய் விடியலைப் பார்த்தவர் இன்று அரிது. நகரைவிட்டு விலகிய கடலோரத்திலோ வயல்வெளியிலோ நிலா இல்லாத இரவின் கடைசியில் நின்றால் அது இன்னும் தெரியும்.

மெய் விடியலில் சூரியன் தொடுவானத்துக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்பதை முஸ்லிம் வானியலர் 18, 19 பாகை என்று அளந்தனர். இன்றைய வானியலிலும் இரவின் இருள் முடியும் எல்லை 18 பாகையே. சென்னை அகலாங்கில் அது சூரிய உதயத்துக்குச் சுமார் ஒன்றேகால் மணி நேரம் முன்பு. ஸ்பெயினின் ஹயேன் நகரைச் சேர்ந்த இப்னு முஆத் (இறப்பு 1093) இதே அந்தி ஒளியை வைத்துக் காற்றுமண்டலத்தின் உயரம் ஏறத்தாழ 50 மைல் என்று கணக்கிட்டார். தொழுகை நேரத்துக்காக அளந்த கோணம் வளிமண்டல அறிவியலுக்குப் போய்ச் சேர்ந்தது இப்படித்தான்.

பகல் தொழுகைகளுக்கு நிழலே கடிகாரம். நிழல் மிகக் குட்டையாகி மீண்டும் நீளத் தொடங்கும் கணம் ளுஹர். நண்பகல் நிழலோடு பொருளின் உயரம் அளவு நிழல் கூடினால் ஷாஃபி வழியில் அஸர். இருமடங்கு கூடினால் ஹனஃபி வழியில் அஸர். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கரையோர ஊர்களில் ஷாஃபி வழியும் உள்நாட்டில் ஹனஃபி வழியும் பெரும்பாலும் நடப்பதால் தமிழ் மாணவருக்கு இந்த வேறுபாடு பழக்கமானது. ஏப்ரல் கடைசி வாரத்தில் சென்னையில் சூரியன் நேர் உச்சிக்கு வரும் நாளில் கணக்கிட்டால் இரண்டு அஸருக்கும் நடுவே சுமார் ஒன்றேகால் மணி நேரம் வரும். ஒரு கம்பும் அளவுகோலும் இருந்தால் மதரஸா முற்றத்திலேயே சரிபார்த்துவிடலாம்.

இந்த வேலைக்கென்றே பெரிய பள்ளிவாசல்களில் 'முவக்கித்' என்ற பதவி உண்டானது. டமாஸ்கஸ் உமய்யாப் பள்ளிவாசலின் முவக்கித்தாக இருந்தவர் இப்னு ஷாதிர் (இறப்பு 1375). 1371இல் அவர் பள்ளிவாசல் மினாராவுக்காகச் செய்த சலவைக்கல் நிழற்கடிகாரம் இடைக்காலத்தின் மிக நுட்பமான நிழற்கடிகாரங்களில் ஒன்று. அவருடைய இன்னொரு சாதனை நிலாவைப் பற்றியது. தாலமியின் கணக்குப்படி நிலா சில நாட்களில் பூமிக்கு மிக நெருங்கி ஏறத்தாழ இருமடங்கு பெரிதாகத் தெரிய வேண்டும். வானைப் பார்ப்பவர் எவருக்கும் அது நடப்பதில்லை என்பது தெரியும். இப்னு ஷாதிர் அதைத் திருத்தி வேறொரு வடிவம் வகுத்தார். கோப்பர்னிக்கஸ் 1543இல் வெளியிட்ட நூலில் உள்ள நிலா வடிவம் கணித அளவில் அதுவே என்று 1950களில் ஆய்வாளர் கண்டனர். அது டமாஸ்கஸிலிருந்து ஐரோப்பாவுக்கு எந்த வழியில் போனது என்பதற்கு நேரடிச் சான்று இன்னும் கிடைக்கவில்லை. குர்ஆனுக்கும் நவீன வானியலுக்கும் பாலம் தேடும் ஆசிரியருக்கு இதைவிட உறுதியான பாலம் வேறு வேண்டியதில்லை: தொழுகை நேரம் கணிக்கச் சம்பளம் வாங்கிய ஒருவரின் கணக்கு அது.

கிரகணத்தின் வரலாறு தனியே நின்று பார்க்கத் தக்கது. நபிகளின் மகன் இப்ராஹீம் குழந்தையாகவே மறைந்த நாளில் சூரிய கிரகணம் பிடித்தது. குழந்தையின் மரணத்துக்காகவே சூரியன் இருண்டது என்று மக்கள் பேசினர். சூரியனும் சந்திரனும் இறைவனின் அத்தாட்சிகள், எவருடைய இறப்புக்காகவோ பிறப்புக்காகவோ அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று நபிகள் திருத்தினார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தந்தை, தம் துக்கத்துக்கு வானமே சாட்சி சொன்னதாக ஊர் நம்பிய வேளையில், அந்த நம்பிக்கையை வேண்டாமென்று விலக்கிய இடம் அது. பிற்காலத்தில் இந்த நிகழ்ச்சியே வரலாற்றைச் சோதிக்கும் உரைகல்லானது. இப்ராஹீம் மாதத்தின் பத்தாம் நாள் இறந்தார் என்று வாகிதீ எழுதியிருந்தார். சூரிய கிரகணம் மாதக் கடைசியில் நிலா மறையும் வேளையில்தான் நிகழும், ஆகவே அந்தத் தேதி தவறு என்று இப்னு தைமிய்யா (இறப்பு 1328) காட்டினார். 19ஆம் நூற்றாண்டில் எகிப்திய வானியலர் மஹ்மூத் அல்ஃபலகீ கணக்குப் போட்டு அந்தக் கிரகணம் கி.பி. 632 ஜனவரி 27 அன்று நிகழ்ந்ததென்று நிறுவினார். ஹிஜ்ரி 10 ஷவ்வாலின் கடைசி நாட்களில் அது விழுகிறது. தத்துவவாதிகளை மறுக்கவே நூல் எழுதிய கஸ்ஸாலீ கூட, கிரகணத்துக்குக் கணிதம் தரும் விளக்கத்தை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவர் மார்க்கத்துக்கே கேடு செய்கிறார் என்று அந்நூலின் முன்னுரையிலேயே எழுதினார்.

கடைசியாகக் கிப்லா. 2:144 எங்கிருந்தாலும் மஸ்ஜிதுல் ஹராமை நோக்கித் திரும்பச் சொல்கிறது. உருண்டையான பூமியில் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊரின் திசையை அறிவது கோளக் கணிதத்தின் கடினமான கேள்வி. அல்பிரூனி கஸ்னாவின் கிப்லாவைத் துல்லியமாகக் காண்பதற்காக ஊர்களின் ஆள்கூறுகளை ஆராய்ந்து 1025இல் தனி நூலே முடித்தார். பஞ்சாபின் நந்தனா மலையுச்சியிலிருந்து தொடுவானம் எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்று அளந்து பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டதும் அவரே. அந்தக் கணிதப்படி சென்னைக்குக் கிப்லா நேர் மேற்கு அன்று. மேற்கிலிருந்து சுமார் 18 பாகை வடக்கே. கொழும்புக்குச் சுமார் 25 பாகை வடக்கே.

கணிதமே தெரியாமலும் இதைக் கண்டறிய ஒரு வழி உண்டு. கஅபா வடக்கு அகலாங்கு 21.42 பாகையில் இருப்பதால் ஆண்டுக்கு இருமுறை சூரியன் அதன் நேர் உச்சிக்கு வருகிறது. மே 28 அன்று இந்திய, இலங்கை நேரம் பிற்பகல் 2.48க்கும், ஜூலை 16 அன்று 2.57க்கும் அது நடக்கும். லீப் ஆண்டில் ஒரு நாள் முன்னதாக வரும். அந்த நிமிடத்தில் சூரியனை நோக்கி நிற்பவர் கஅபாவை நோக்கி நிற்கிறார். முற்றத்தில் ஒரு மீட்டர்க் கோலைத் தூக்குநூல் வைத்துச் செங்குத்தாக நட்டால் சென்னையில் அதன் நிழல் சுமார் 82 சென்டிமீட்டர் நீளத்தில் விழும். நிழலின் நுனியிலிருந்து கோலின் அடிவரை சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்தால் அந்தக் கோடு காட்டும் திசையே கிப்லா. அன்று மேகம் மூடியிருந்தால் முந்தைய நாளோ அடுத்த நாளோ அதே நேரத்தில் பார்க்கலாம். பிழை அரைப் பாகையைத் தாண்டாது.